அறலும் சுரியும்: முடியின் இயல்பு அறிதல்

முன்னுரை

மகளிர் கூந்தலுக்கு இயல்பிலேயே மணம் உண்டா என்னும் வினா, புலவர் அவையையே கலக்கிய வினா என்பது நாம் அறிந்த கதையே. இறையனார் பெயரில் அமைந்த குறுந்தொகையின் இரண்டாம் பாடல் தலைவியின் கூந்தல் மணத்தைப் பேசுகிறது. அப்பாடலைச் சுற்றி எழுந்த தருமியின் கதையைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் விரித்துரைத்தார். 1965ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படம் அதனை ஊரெங்கும் கொண்டு சேர்த்தது. அவையில் நிகழ்ந்த வாதத்தின் சாரம் ஒன்றே: முடியில் காண்பது இயற்கையா, செயற்கையா?

இப்பகுதியை வகுப்பில் நடத்திய ஒரு நாள், பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, மணத்தைப் பற்றி இவ்வளவு வாதம் செய்தவர்கள், சுருட்டை முடி இயற்கையா, குறையா என்று கேட்டிருக்கிறார்களா?" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பின்னர்த் தனியே விசாரித்தபோது செய்தி வெளிவந்தது. அவள் மேல்நிலைக் கல்வி முடித்து, திருப்பெரும்புதூரை அடுத்த கைப்பேசித் தொழிற்சாலை ஒன்றில் ஓராண்டு பணி செய்து, அந்தச் சேமிப்பைக் கொண்டு கல்லூரியில் சேர்ந்தவள். விடுமுறையில் அவளைப் பெண் பார்க்க வந்த மகளிர், முக்காட்டை விலக்கிப் பார்த்து, "பெண் நல்லவள்தான், முடிதான் இப்படி இருக்கிறது" என்று சொல்லிச் சென்றனர். தாயார் கலங்கினார். ஒரு மாத ஊதியத்தை ஈடு செய்யும் தொகையைக் கொடுத்து, அழகு நிலையம் ஒன்றில் முடியை நேராக்கினர். மருந்து உச்சியைச் சுட்டுப் புண்ணாக்கியது. மூன்று திங்களில் வேர்ப்பகுதி மீண்டும் சுருண்டே வளர்ந்தது.

அவளுடைய வினாவுக்கு வகுப்பில் ஒரு வரியில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

தமிழ் தந்த சொற்கள்

தலைமுடியைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்கள் பல. கூந்தல், ஓதி, கூழை, கதுப்பு முதலியன மகளிர்க்கும், குஞ்சி, பித்தை, பங்கி முதலியன ஆடவர்க்கும் பெரும்பான்மையாக வழங்கின. மயிர் என்பது பொதுச்சொல். வள்ளுவரும் தயங்காது ஆண்ட அச்சொல் இன்று பேச்சு வழக்கில் இழிசொல்லாகிவிட்டது. பொருளில் மாற்றமில்லை, வழங்கியோர் மனத்திலேதான் மாற்றம். சுருட்டை என்னும் சொல்லுக்கும் இக்கதியே நேர்ந்து வருகிறது.

மகளிர் முடியை ஐம்பால் என்பது இலக்கிய வழக்கு. ஐந்து பகுப்புகளை உடையது என்பது பொருள். இவ்வைந்தும் எவை என்பதில் உரைகள் வேறுபடும். குழல், கொண்டை, பனிச்சை என்னும் மூன்றுடன் அளகம், துஞ்சை என்பவற்றைச் சேர்ப்பார் உளர். முடி, சுருள் என்பவற்றைச் சேர்ப்பாரும் உளர். எவ்வாறாயினும் இது முடியை ஒப்பனை செய்யும் வகையைக் குறித்ததே அன்றி, முடி முளைக்கும் இயல்பைக் குறித்ததன்று என்பதை மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

இயல்பைக் குறிக்கும் சொற்கள் வேறு உள. அவற்றுள் இரண்டு நம் ஆய்வுக்கு இன்றியமையாதவை.

முதலாவது அறல். ஆற்று நீர் ஓடி வற்றியபின் கருமணலில் வரிவரியாகப் படியும் நெளிவே அறல். பாலாற்றுப் படுகையில் நீர் வடிந்த காலத்தில் நடந்தவர் இதனைக் கண்ணால் கண்டிருப்பர். சங்கப் புலவர் கூந்தலுக்கு இதனை உவமையாக்கினர். மணலின் அறல் ஏறி இறங்கும். ஆனால் முழு வட்டமாகச் சுற்றாது. அலைபோல் நெளியும் முடிக்கு இதனினும் பொருத்தமான சொல் வேறில்லை.

இரண்டாவது சுரி. சுரிதல் என்பது சுழன்று வளைதல். சங்கினைச் சுரிமுகம் என்பர். அதன் உடல் திருகிச் சுற்றியிருப்பதே காரணம். சுருண்ட முடிக்குச் சுரியல் என்று பெயர். சுரிகுழல் என்பது இலக்கியத்தில் பயின்று வரும் தொடர். நெறித்தல், வணர்தல் என்னும் வினைகளும் முடியின் நெளிவையும் வளைவையும் குறித்தன.

இச்சொற்கள் அனைத்தும் அழகைச் சுட்டவே ஆளப்பட்டன. "முடிதான் இப்படி" என்னும் குறைப்பொருள் அவற்றுள் இல்லை.

அரபு மொழியிலும் இத்தகைய நுண்மை உண்டு. சுருண்ட முடியை ஜஅத் என்றும், நேரான முடியை ஸப்த் என்றும், இடைப்பட்ட அலைமுடியை ரஜில் என்றும் அம்மொழி பகுத்துரைக்கும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுடி, மிகச் சுருண்டதும் அன்று, முற்றும் நேரானதும் அன்று என அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பு, திர்மிதீ இமாமின் ஷமாயில் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. முடியின் இயல்பைக் கூர்ந்து நோக்கிச் சொல்லும் மரபு இரு மொழிகட்கும் பொதுவானது என்பதற்காக இதனைக் குறிப்பிட்டேன்.

முடி ஏன் சுருள்கிறது?

இனி அறிவியல் கூறுவதைக் காண்போம். மனிதர் தலையில் ஏறத்தாழ 1 இலட்சம் முடிகள் உள. ஒவ்வொன்றும் திங்களுக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. தோலுக்கு மேலே காண்பது உயிரற்ற இழை. உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கும் மயிர்க்கால் ஆகும். முடியின் வடிவத்தைத் தீர்மானிப்பதும் அதுவே.

மயிர்க்கால் நேராகத் தோலுக்குள் இறங்கினால் முடி நேராக வளரும். அது கொக்கிபோல் வளைந்திருப்பின், இழையின் ஒரு பக்கமும் மறுபக்கமும் ஒத்த அளவில் உருவாவதில்லை. ஆகவே வெளிவரும் இழை சுருளும். நேர்முடியைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் நோக்கினால் பெரும்பாலும் வட்டமாகவும், நெருங்கச் சுருண்ட முடியை நோக்கினால் தட்டையான முட்டை வடிவமாகவும் தோன்றும்.

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதில் கந்தகம் மிகுதி. முடி எரியும்போது எழும் நாற்றம் அதனாலேயே. இப்புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் ஏணிப்படிபோல் இணைத்து நிற்கின்றன. இவை வலியவை; நீரால் அறுபடா. நீரால் அறுபடும் மெலிந்த பிணைப்புகளும் உள. அவை ஐதரசன் பிணைப்புகள். ஈரமுடியைப் பின்னிக் காயவிட்டால் அலையலையாக நிற்பதும், மறுநாள் நனைந்ததும் அவ்வலை மறைவதும் இவற்றின் செயலே. ஐப்பசி அடைமழையில் சுருள்முடி உப்பிப் பரப்பிக்கொண்டு நிற்பதும் இதனாலேயே. ஈரத்தில் முடி நீள்வதைக் கண்ட சுவிட்சர்லாந்து அறிஞர் தெ சொசூர், மனித முடியைக் கொண்டே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியை 1783இல் விளக்கினார்.

சுருளை உண்டாக்கும் மரபணு ஒன்றே ஒன்று அன்று. பல மரபணுக்கள் கூடிச் செயற்படுகின்றன. அதனால்தான் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவர் முடி நேராகவும் மற்றவர் முடி சுருண்டும் அமைகின்றன. ஒரே தலையில் பிடரி முடி ஒருவகையாகவும் நெற்றி முடி வேறொரு வகையாகவும் அமைதலும் இயல்பே. பருவமடையும் காலத்தும் மகப்பேற்றின் பின்னும் முடியின் வடிவம் மாறக்கூடும்.

வகைகள்

முடியின் இயல்பை அறிய மூன்று வினாக்கள் தேவை. ஒன்று, தனி இழை மெல்லியதா, தடித்ததா? இரண்டு, தலையில் இழைகள் அடர்ந்தனவா, ஐதாக நிற்பனவா? மூன்று, இழை எவ்வாறு வளைகிறது? இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதே பொதுவாக நேரும் பிழை. சுருள்முடி தடித்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நெருங்கச் சுருண்ட முடியின் தனி இழை பெரும்பாலும் மெல்லியது, எளிதில் ஒடிவது. அடர்த்தியாகத் தோன்றுவது சுருளின் பரப்பினால் ஆகும்.

அமெரிக்க முடி ஒப்பனையாளர் ஆண்ட்ரே வாக்கர் 1990களில் பரவச் செய்த பகுப்பு நான்கு வகைகளைக் கூறும். அவற்றை நம் சொற்களால் இவ்வாறு குறிக்கலாம் என்பது என் கருத்து.

1. நேர்முடி: வேரிலிருந்து நுனிவரை வளையாதது. எண்ணெய் எளிதில் நுனிவரை வழிந்து மினுமினுக்கும்.

2. அறல்முடி: நெளிவுண்டு, முழுச் சுற்று இல்லை. தமிழ்நாட்டில் மிகுதியும் காண்பது இவ்வகையே.

3. சுரிமுடி: சங்கின் திருகல் போல் முழுச் சுற்றாகச் சுருள்வது. விரலில் சுற்றிவிட்டால் அவ்வாறே நிற்கும்.

4. செறிசுரி முடி: சுற்றுகள் மிக நெருங்கிக் கம்பிச்சுருள்போல் அமைவது. இழுத்தால் நீளமும், விட்டால் குறுக்கமும் காட்டும்.

ஒவ்வொரு வகைக்கும் உட்பிரிவுகள் உள. எனினும் ஒன்று முதல் நான்கு வரை எண்ணிட்டதால், ஒன்று உயர்ந்தது, நான்கு தாழ்ந்தது என்னும் எண்ணம் தோன்ற இடமாயிற்று என்பர் குறை காண்போர். 2007இல் வெளிவந்த ஆய்வொன்று 18 நாடுகளின் மக்களது முடியை ஆராய்ந்து, வளைவின் அளவு, அலைகளின் எண்ணிக்கை முதலியவற்றைக் கொண்டு எட்டுத் தொகுதிகளாகப் பகுத்தது. மனிதரின் நாட்டையோ நிறத்தையோ கேளாமல் இழையை மட்டும் அளந்தமை அதன் சிறப்பு.

வகை தரமாக மாறிய கதை

வகைப்படுத்துதல் அறிவின் தொடக்கம். ஆனால் வகையைத் தரமாக்கியது வரலாற்றின் பெரும்பிழை. 19ஆம் நூற்றாண்டில் எர்னஸ்ட் எக்கல் முதலிய ஐரோப்பிய அறிஞர், முடியின் வடிவைக் கொண்டே மாந்த இனத்தைப் பகுத்து, கம்பளிபோல் சுருண்ட முடியுடையோரைக் கீழ்ப்படியில் வைத்தனர்.

அந்த அளவுகோல் நம் மண்ணுக்கும் வந்தது. 1885 முதல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து, தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909இல் கே. ரங்காச்சாரியின் துணையுடன் வெளியிட்டார். நம் பகுதிக்கு அணிமையில் வாழும் செங்கற்பட்டு இருளரும் அதில் இடம்பெற்றனர். பின்னர், மலைவாழ் காடர் சிலரின் சுருள்முடியைச் சான்றாகக் கொண்டு, இந்திய மண்ணில் தனியோர் இனக்கூறு உண்டென மானிடவியலார் பி. எஸ். குகா வாதிட்டார். இழையின் வளைவைக் கொண்டு குலத்தைக் கணிக்கும் முயற்சி இவ்வாறு நடந்தது.

தென்னாப்பிரிக்காவில் இது சட்டத்தின் துணையாயிற்று. 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனம் குறித்துப் பதியச் செய்தது. ஐயம் எழுந்தபோது முடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பர். விழுந்தால் ஓர் இனம், நின்றால் வேறோர் இனம். ஒரே குடும்பத்தினரும் பிரிக்கப்பட்டனர். 1991இல்தான் அச்சட்டம் நீங்கியது.

இன்றைய ஆய்வு சொல்வதோ வேறு. 2023இல் ஆய்வாளர் டினா லசிசியும் குழுவினரும், வெப்பமூட்டிய மனித உருவப் பொம்மைக்கு வெவ்வேறு முடித்தொப்பிகள் அணிவித்து, விளக்கொளியில் வைத்து அளந்தனர். எவ்வகை முடியும் வெயிலின் வெம்மையைக் குறைத்தது. நெருங்கச் சுருண்ட முடியே மிகுதியாகக் குறைத்தது. மூளையை வெயிலினின்று காத்த பழங்குடையைக் குறை என்பது எங்ஙனம் பொருந்தும்?

வாணிகத்தின் வழி

இத்தொழிற்சாலைச் சாலைக்கு வடமேற்கே திருத்தணி உள்ளது. அதற்கும் அப்பால் திருமலை. அங்கெல்லாம் நேர்த்திக்கடனாக இறக்கப்படும் முடி, நீள வாரியாகப் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விலை போகிறது. அது முடித்தொப்பியாகவும் ஒட்டுமுடியாகவும் உருமாறிக் கடல் கடக்கிறது. வாங்குவோரில் பெருந்தொகையினர் ஆப்பிரிக்க வழிவந்த மகளிர். தம் செறிசுரி முடி நல்ல முடியன்று எனத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லக் கேட்டவர்கள் அவர்கள். தன் சிறு மகள், "எனக்கு ஏன் நல்ல முடி இல்லை?" என்று கேட்டதனால் தூண்டப்பெற்ற அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக், 2009இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் இந்திய முடியின் இப்பயணத்தைக் காட்டினார். 2019இல் கலிபோர்னியா மாநிலம், இயற்கையான முடி அமைப்பைக் காரணம் காட்டிப் பணியிடத்திலும் பள்ளியிலும் வேற்றுமை பாராட்டலாகாது எனச் சட்டம் செய்தது.

நம் முடியை வாங்கி அவர்கள் நேர்முடி பெறுகின்றனர். நம் மகளிரோ பிறரைப் போலாக வேண்டித் தம் முடியையே சுட்டுக்கொள்கின்றனர். ஸ்ட்ரெயிட்டனிங், ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் என்னும் பெயர்கள் பல. இவற்றுள் நிலையாக நேராக்கும் முறைகள் முன்னர்க் கூறிய கந்தகப் பிணைப்புகளை மருந்தால் அறுத்து, முடியை நீட்டி, மீண்டும் பிணைப்பவை. அறுந்த ஏணியை முன்போல் முழுதும் கட்ட இயலாது, முடி வலிவிழக்கும். சில கலவைகள் சூட்டில் பார்மால்டிகைடு ஆவியை வெளியிடும். 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, முடியை நேராக்கும் மருந்துகளை அடிக்கடி பயன்படுத்திய மகளிரிடம் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதைத் தெரிவித்தது. மருந்தே காரணம் என அது முடிவு கட்டவில்லை. எனினும் எச்சரிக்கைக்கு அது போதும். மருந்து எட்டுவது இழையை மட்டுமே. மயிர்க்காலின் வளைவை அது மாற்றாது. ஆகவே புதிய முடி பழைய இயல்பிலேயே வளரும்.

இயல்புக்கேற்ற பேணல்

திருப்பெரும்புதூர் இராமாநுசர் பிறந்த ஊர். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதலும், 2010இல் ஒரகடத்தில் பெரிய கார் ஆலை திறக்கப்பட்டது முதலும், இவ்வட்டாரத்திற்குப் பல மாநிலத்தார் வந்து சேர்ந்தனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் பணியாளர் தங்கத்தக்க விடுதித் தொகுப்பு திறக்கப்பட்டது. ஒடிசா, சார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலத்தாரும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இடத்தில் நால்வகை முடியும் காணலாம். ஒருவருக்கு ஏற்ற பேணல் மற்றவர்க்கு ஏற்காது என்பதை உணர்தல் நலம்.

சுரிமுடியில் எண்ணெய்ப் பசை வளைவுகளைத் தாண்டி நுனிக்குச் செல்வதில்லை. ஆதலின் நுனி வறளும். அதற்கு அடிக்கடி கழுவுதல் ஆகாது. உலர்ந்த நிலையில் நெருங்கிய பல் சீப்பால் வாரினால் ஒடியும். ஈரமாக இருக்கும்போது அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். செம்பருத்தி இலையை அரைத்த குழம்பின் வழுவழுப்பு இதற்குத் துணை செய்யும். நேர்முடியிலோ எண்ணெய் விரைந்து படியும். அதனை அடிக்கடி கழுவலாம். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் சோப்பு திரிந்து முடியில் படியும். சீயக்காயும் அரப்பும் அவ்வாறு திரிவதில்லை. நம் பாட்டியர் இதனைக் காரணம் அறியாமலே கைக்கொண்டனர்.

தொழிற்கூடத்தில் முடியைக் கட்டித் தொப்பிக்குள் அடக்க வேண்டும் என்பது விதி. சுழலும் தண்டில் முடி சிக்கினால் உயிருக்கே ஆபத்து; வண்ணப்பூச்சிலும் மின்னணுப் பாகத்திலும் ஓர் இழை விழுந்தாலும் பொருள் பழுதாகும். விதி நியாயமானதே. ஆயினும் நாள்தோறும் பல மணிநேரம் இறுக இழுத்துக் கட்டினால், நெற்றியோர முடி உதிர்ந்து வழுக்கை விழும். தளரப் பின்னித் தொப்பிக்குள் செருகுதலே நன்று. சுரிமுடியுடையோர்க்குச் சற்றே பெரிய தொப்பி வேண்டும் என்பதை மேற்பார்வையாளர் உணர்ந்தால், பல பெண்களின் தலைவலி தீரும்.

முடிவுரை

மாணவச் செல்வங்களே, இயல்பை அறிதல் வேறு. இயல்பால் மனிதரை எடைபோடுதல் வேறு. அறல் என்றும் சுரி என்றும் நம் முன்னோர் உற்று நோக்கிப் பெயரிட்டனர். அப்பெயர்களை மீட்டெடுத்து வழங்குவது தமிழ் மாணவர் கடமை. உடன் பயிலும் நண்பனைச் சுருட்டை என்று ஏளனம் செய்வது விளையாட்டன்று. அளவுகோலும் பென்சிலும் கொண்டு மனிதரைப் பிரித்தவர் வழியில் வைக்கும் சிறு அடி அது.

சமுதாயப் பெரியோர்க்கும் தாய்மார்க்கும் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. பெண் பார்க்கும் வீட்டில் முக்காட்டை விலக்கிப் பார்க்கும் உரிமை உங்கட்கு உண்டு எனக் கருதினால், பார்த்தபின் சொல்லும் சொல்லுக்குப் பொறுப்பும் உண்டு. நாம் விளையாட்டாகச் சொல்லும் ஒரு சொல், ஓர் ஏழைப் பெண்ணின் ஒரு மாத ஊதியமாகவும் தலைப்புண்ணாகவும் முடிகிறது.

அம்மாணவி அண்மையில் துறையின் சுவரொட்டிப் பலகைக்கு ஒரு படம் வரைந்து தந்தாள். நான்கு வகை முடியும் நான்கு தமிழ்ப் பெயர்களும் அதில் உள. சுரிமுடியின் அருகில் ஒரு சங்கினை வரைந்திருந்தாள். உச்சியில் புண் ஆறிய இடத்தில் முடி இன்னும் முழுதும் வளரவில்லை. மற்றை இடத்தில் வளர்ந்து வருவது சுரிமுடியே. இம்முறை அதனை நேராக்கப் போவதில்லை என்று தாயாரிடம் சொல்லிவிட்டாளாம். குறையா என்று அன்று கேட்டவளுக்கு நான் சொல்ல வேண்டிய விடையை அவளே கண்டுகொண்டாள்.